கல் தேடிய படத்தில் தெரிந்த ஓடை

எங்கள் அறைக்கு வரும் ஒவ்வொரு பரிந்துரைத் துண்டிலும் ஒரேயொரு கேள்வி எழுதப்பட்டிருக்கும். கல்லா? கட்டியா? பிள்ளை தலைகீழாக இருக்கிறதா? அந்தக் கேள்விக்கு விடை எழுதிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவது எளிது. வெளியே வாங்குப் பலகைகளில் நாற்பது பேர் காத்திருக்கும்போது அது இன்னும் எளிதாகிவிடும். ஸ்கான் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் மருத்துவர்களாகிய உங்களுக்கு, கேட்கப்படாத கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்த ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அந்த விடையைக் கண்டவன் நான். கண்ட பின்பும் அதை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டவனும் நானே.

முதலில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பெருநிலத்து வயற்கிராமம் ஒன்றில் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். கோயில் தீர்த்தமான பாலாவியின் கரையில் பதிகம் ஓதிப் பழகியவன். தொடங்கிய பதிகத்தைக் கடைக்காப்பு வரை, அதாவது பாடியவர் தம் பெயரையும் பாட்டின் பயனையும் சொல்லி நிறைவு செய்யும் இறுதிப் பாட்டு வரை, ஓதாமல் எழுந்துவிடக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. மூன்றாம் பாட்டிலேயே மனம் நிறைந்துவிட்டாலும் எழக்கூடாது. மருத்துவம் கற்ற பின்பு அதே ஒழுங்கை நான் வயிற்றுக்கும் வைத்துக்கொண்டேன். துண்டில் சிறுநீரகம் என்று எழுதியிருந்தாலும், ஈரல், பித்தப்பை, மண்ணீரல் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து முடிக்காமல் நோயாளியை எழுப்ப மாட்டேன்.

இரண்டாவது பழக்கத்தை ஒரு பிழையிலிருந்து கற்றேன். கொழும்பில் பயிற்சியில் இருந்த நாட்களில், ஒரு பெண்மணியின் ஈரலருகே கறுப்பாக ஓர் உருண்டையைக் கண்டு ‘நீர்க்கட்டி’ என்று எழுதினேன். ஊசி வைத்து அந்த நீரை வெளியேற்ற நாளும் குறித்துவிட்டார்கள். ஊசி வைப்பதற்குச் சற்று முன்னர் எங்கள் தலைமை நிபுணர், சிங்களப் பெண்மணி, படத்தை ஒருமுறை பார்க்க வந்தார். கருவியை வைத்தார். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் பொத்தானை அழுத்தினார். நான் நீர் என்று எழுதிய உருண்டைக்குள் சிவப்பும் நீலமும் சுழன்றன. குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயில் நாளம் அந்த இடத்தில் பலூனைப் போல வீங்கியிருந்தது. அங்கே ஊசி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்துச் சத்திரசிகிச்சை நிபுணரிடம், “நாங்கள் பிழையாக எழுதிவிட்டோம், ஊசியை நிறுத்துங்கள்” என்றார். எழுதியவன் நான் ஒருவனே. ஆனாலும் அவர் ‘நாங்கள்’ என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “கறுப்பு என்பது ஒரு பொருளின் பெயரல்ல. அந்த இடம் நம் ஒலிக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை” என்றார். அன்று முதல் ஈரலில் கறுப்பாக எதைக் கண்டாலும் அந்தப் பொத்தானை அழுத்தாமல் நான் ஒரு சொல்லும் எழுதியதில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, மன்னார்த் தீவின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தவக்காலம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் இருந்தன. தலைமன்னாரிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மனைவியோடு வந்தார். கடற்றொழில் செய்பவர். ஆனால் ஊரில் எல்லோரும் அவரை அண்ணாவியார் என்றே அழைத்தார்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயிலில் ஆண்டவரின் சிலுவைப் பாடுகளைப் புலம்பலாகப் பாடும்போது முன்னின்று குரல் கொடுப்பவர் அவரே. துண்டில் எழுதியிருந்தது: ‘வலது இடுப்பு வலி. கல்லா?’ அதற்குக் கீழே யாரோ கோடிட்டு ஒரு சொல் சேர்த்திருந்தார்கள்: ‘மது.’

நானும் எல்லோரையும் போலவே கேட்டேன்.

“குடிக்கிறனீங்களோ?”

அவர் பதில் சொல்லும் முன் மனைவி முந்திக்கொண்டார். “நீங்களுமோ டொக்டர்? கோயில்ல கேட்டு முடிஞ்சுது, வெளிநோயாளர் பகுதியில கேட்டு முடிஞ்சுது. இந்த மெசின் உள்ளுக்க எல்லாம் பாக்குமெண்டு சொல்லினம். மனிசன் குடிச்சவரோ இல்லையோ எண்டு அதுக்குத் தெரியாதோ?”

“மெசினுக்கு மணம் தெரியாதம்மா” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இளந்தாரி வயசில தொட்டனான் டொக்டர்” என்றார் அண்ணாவியார், கட்டிலில் படுத்தபடி. “கலியாணம் கட்டினதுக்குப் பிறகு இல்லை. ஆனா இப்ப எனக்கே சந்தேகம் வருது. ஊரெல்லாம் சொல்லேக்க, நான்தான் குடிச்சுப்போட்டு மறந்திட்டனோ எண்டு.”

“விசர்க் கதை கதையாதேங்கோ” என்று மனைவி அவர் தோளில் தட்டினார். நான் கருவியை வைத்துப் பார்க்கத் தொடங்கிய பின்பும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சை இங்கே முழுமையாகத் தருகிறேன். ஏனென்றால் என் காதுக்குள் புகுந்தும் அன்று நான் கேட்காமல் விட்ட பேச்சு அது.

“பெருநாள் முடிஞ்ச அடுத்த நாள், கலியாண வீடு முடிஞ்ச அடுத்த நாள், அப்பத்தான் இவருக்கு வாய் குழறும். பிள்ளையளின்ரை பேர் மறந்துபோம். நடந்தா தள்ளாடும். ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். ஊர் சும்மா இருக்குமோ? தவசு காலம் வந்தா ஆள் தங்கம், ஒரு குழப்பமுமில்லை. அதுக்கும் கதை வச்சிருக்கினம். தவசுக்குக் குடியை நிப்பாட்டிறார், பாஸ்குப் பெருநாள் முடியத் திரும்பத் தொடங்கிறார் எண்டு. போன பெருநாளுக்கு அடுத்த நாள் பூசையில பாட்டை மாறிப் பாடிப்போட்டார். இப்ப என்ரை அண்ணரே எதிராளி. வாற ஞாயிறில்லை, அதுக்கடுத்த ஞாயிறு கோயில்ல கூட்டம். இந்த முறை பாடுகள் பாட வேற ஆளைப் போடப் போகினமாம். அண்ணர்தான் முன்னுக்கு நிக்கிறார்.”

“இந்தத் தீர்ப்பு வந்தா நான் கோயில் வாசலை மிதிக்க மாட்டன்” என்றார் அண்ணாவியார். மிக மெதுவாகத்தான் சொன்னார்.

வெளியே ஒரு குழந்தை வீரிட்டது. வரிசையில் யாரோ இலக்கத்துக்காகச் சண்டை பிடித்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது சிறுநீரகத்தில் ஒரு சிறு கல் பளிச்சென்று தெரிந்தது. துண்டின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மனம் மூன்றாம் பாட்டில் நிறைந்துவிட்ட கணம் அது. ஆனால் பழக்கம் கையை ஈரலுக்கு நகர்த்தியது.

“மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.”

பிடித்தார். பாட்டுக்காரரின் மூச்சு எப்படிப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். சாதாரண நோயாளிகள் சில விநாடிகளில் திணறி விட்டுவிடுவார்கள். இவர் நான் விடச் சொல்லும் வரை அசையாமல் கிடந்தார். அந்த நீண்ட மூச்சுத்தான் எனக்குக் காட்டித் தந்தது. ஈரலின் வலப் பாகத்தில் பெருவிரல் பருமனில் ஒரு கறுப்பு வட்டம். கருவியைச் சற்றுத் திருப்பினேன். வட்டம் நீண்டு வளைந்த குழாயாயிற்று. நிறப் பொத்தானை அழுத்தினேன். குழாய் முழுவதும் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு முனை வாயில் நாளத்தின் கிளையில் இருந்தது. மறு முனை, ஈரலிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுபோகும் நாளத்தில் திறந்தது. இடையில் ஈரல் என்றொன்று இருப்பதையே அறியாதது போல் இரத்தம் நேரே கடந்து சென்றது.

“விடுங்கோ” என்று சொல்ல மறந்துபோனேன். அவரும் விடவில்லை. மனைவிதான், “டொக்டர், மனிசன் மூச்சை இன்னும் பிடிச்சுக்கொண்டிருக்கிறார்” என்றார்.

அழகான படம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தைப் பின்னாளில் நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அறிக்கையில் கல்லை எழுதினேன். கீழே, ‘தற்செயலாகக் காணப்பட்டது: பிறவி நாளத் தொடர்பு’ என்றும் எழுதினேன். அவர்களிடம், “கல் சின்னது, தண்ணி நல்லாக் குடியுங்கோ. ஈரலில ஒரு நரம்பு கொஞ்சம் வித்தியாசமா ஓடுது, பிறவியிலயே அப்படித்தான். பயப்பட ஒண்டுமில்லை” என்று சொல்லி அனுப்பினேன். படத்தைக் கடைக்காப்பு வரை ஓதிய நான், மனிதரை மூன்றாம் பாட்டோடு விட்டுவிட்டேன்.

பகல் ஒரு மணியளவில் பரீதா என் மேசையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை வைத்தார். பரீதா எங்கள் அறையின் சிற்றூழியர். தீவிலேயே உள்ள தாராபுரத்தைச் சேர்ந்தவர். வரிசையையும் என்னையும் ஒருசேரக் கட்டி மேய்ப்பவர்.

“வீட்டில விசேஷம் டொக்டர். ஆட்டிறைச்சி போட்ட சோறு.”

“இண்டைக்கு வெள்ளியெல்லோ பரீதா. நான் மச்சம் தொடமாட்டன்.”

“நல்ல ஆக்கள்!” என்று பெட்டியைத் திரும்ப எடுத்தார். “உங்களுக்கு வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. வேதக்காரருக்குத் தவசு காலத்தில மச்சம் இல்லை. இறைச்சிக்குத்தான் இந்தத் தீவில கூட லீவு.”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன். இறைச்சியும் மீனும் சேர்ந்த சாப்பாட்டை நாங்கள் மச்சம் என்போம். தவக்காலத்தில் வேதக்காரரான அந்த மனிதர் நிறுத்தியது மச்சத்தை. பெருநாளிலும் கலியாண வீட்டிலும் அவர் வயிறு நிறைய உண்டதும் அதைத்தான். இறைச்சி செரிக்கும்போது குடலில் உண்டாகும் நச்சுக்களை ஈரல் வடித்தெடுக்க வேண்டும். இவருடைய இரத்தமோ ஈரலைத் தவிர்த்து நேரே இதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. இளமையில் மூளை அதைத் தாங்கிக்கொள்ளும். வயது ஏற ஏறத் தாங்காது. வாய் குழறும், பெயர் மறக்கும், நடை தள்ளாடும். மது அருந்தும் நாட்களும் மச்சம் உண்ணும் நாட்களும் எங்கள் ஊர்களில் ஒரே நாட்களாக இருப்பதால், ஊர் கண்ணெதிரே கண்டதைச் சரியாகவே கோத்து, முற்றிலும் பிழையான முடிவுக்கு வந்திருந்தது. அந்த அம்மா நாள் தவறாமல் கவனித்து எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை.

துண்டில் இருந்த தொலைபேசி இலக்கத்தை அழைத்தேன். தடித்த ஆண்குரல் ஒன்று வந்தது. அந்த அம்மாவின் தமையன். படகும் வலையும் சொந்தமாக வைத்திருக்கும் சம்மாட்டியார். அவர்தான் இருவரையும் தம் மீன் லொறியில் ஏற்றி வந்திருந்தார்.

“அண்ணாவியாரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரேலுமோ? அவருக்கு ஒரு வருத்தம் இருக்கும் போல.”

“அவரின்ரை வருத்தம் எனக்குத் தெரியும் டொக்டர். அது போத்தில்ல வாறது” என்றார். ஆனாலும் லொறியைத் திருப்பினார். எதிராளியாக நின்றபோதும் மைத்துனரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தவர் அவரே என்பதை நான் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

மூவரையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினேன். எப்படி விளக்குவது என்று யோசித்து, அவர்கள் ஊர் இறங்குதுறையையே எடுத்துக்கொண்டேன். “தலைமன்னாரில முந்தி கப்பல்ல வாற சாமான் எல்லாம் சுங்கக் கந்தோருக்குள்ளால போய்த்தானே ஊருக்குள்ள வரும்? ஈரல்தான் சுங்கம். இவருக்குச் சுங்கத்துக்குப் போகாமலே சாமான் ஊருக்குள்ள போக ஒரு ஓடை இருக்குது.”

சம்மாட்டியார் படத்தை உற்றுப் பார்த்தார். “அப்ப உள்ளுக்க கள்ளக் கடத்தல் நடக்குதெண்டு சொல்லுங்கோ.”

“அப்படித்தான்.”

“கடத்திறது சாராயமோ டொக்டர்?”

“அண்ணை!” என்றார் தங்கை. அந்த ஒரு சொல்லுக்கு அவர் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “ஐயா, அப்ப எழுதித் தாங்கோ. இவர் குடிக்கிறேல்லை எண்டு. உங்களின்ரை கையெழுத்தோட கூட்டத்தில வைக்கிறன்.”

உங்களில் பலருக்கு இப்படி ஒரு கணம் வரும். உங்கள் எதிரே ஒரு நல்ல மனிதரின் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும்; உங்கள் கையில் பேனா இருக்கும். எனக்கு எழுதிக் கொடுத்துவிடவே ஆசை. ஆனால் ஒருவர் குடித்தாரா இல்லையா என்று எந்தப் படமும் சொல்லாது. ஈரலின் மேற்பரப்பு மழமழப்பாக இருந்தது. மண்ணீரல் வீங்கவில்லை. குடியால் சுருங்கிய ஈரல் இதுவல்ல என்று சொல்ல முடியும். அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னால் எழுத முடியாது. அதைச் சொன்னேன்.

“அப்ப இந்தக் கடதாசியை வச்சு நான் என்ன செய்ய?” என்று அறிக்கையை மேசையில் வைத்தார். அந்தக் கோபத்துக்கு நான் உரியவன்தான்.

நோயாளர் விடுதியின் பொறுப்பு நிபுணரிடம் ஓடினேன். என்னைவிட இளையவர், நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “இப்படி ஓடை இருந்தும் ஒரு குறையுமில்லாமல் எத்தினையோ பேர் இருக்கினம். படத்தில கண்டதையெல்லாம் நாங்கள் வருத்தத்தில கொண்டுபோய் ஒட்டக் கூடாது, சேர். குழப்பம் வாற நேரத்தில இரத்தத்தில அந்த நச்சு, அமோனியா, கூடியிருக்குதெண்டு காட்டினால் நான் நம்புவன்” என்றார். எனக்கு வேகம் இருந்தது. அவருக்குத் தராசு இருந்தது. அன்று என்னை எதிர்த்துப் பேசிய அவரை நான் இன்றும் மதிக்கிறேன். கண்டுபிடித்தவனுக்குத் தன் கண்டுபிடிப்பின் மீது வரும் பாசம் ஆபத்தானது. அதை அறுக்க அருகில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் அண்ணாவியாரை அன்றே விடுதியில் அனுமதித்தார்.

அனுமதித்த செய்தி தலைமன்னாருக்கு உடனே போய்ச் சேர்ந்தது. குடி முற்றி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசியதாம். விடுதிச் சாப்பாட்டில் பருப்பும் கீரையுமாக அவர் சனிக்கிழமை முழுவதும் தெளிவாக இருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு பாட்டும் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. தெளிவாக இருக்கும் மனிதரின் இரத்தத்தில் நாங்கள் எதைத் தேடுவது? குழப்பத்தை வலிந்து வரவழைக்கவும் மருத்துவ தருமம் இடம் தராது. இறைச்சி கொடுக்கவேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தோம். சம்மாட்டியாரிடம் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை, நோயாளரைப் பார்க்கும் நேரத்தில், அவர் வந்தார். கூட்டத்தில் எதிர்த்துப் பேசப் போகிற மனிதர், நான்கு அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். நண்டு, விளைமீன் குழம்பு, இறைச்சிப் பிரட்டல். “ஆஸ்பத்திரிச் சோறு மனிசன் தின்பானோ? தின்னு மச்சான்” என்று பக்கத்தில் இருந்து முழுவதையும் ஊட்டாத குறையாக உண்ண வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவி அப்போது சின்னப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தார்.

திங்கள் காலை நான் விடுதிக்குப் போனபோது சம்மாட்டியார் எனக்கு முன்பே அங்கே நின்றார். சந்தைக்கு மீன் இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். கட்டிலில் அண்ணாவியார் உட்கார்ந்து படுக்கை விரிப்பை இரு கைகளாலும் இழுத்து இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். வலை இழுக்கிறார் என்று புரிந்தது. விரித்த கைகள் மணிக்கட்டில் பட்சியின் சிறகைப் போல் துடித்தன. “மச்சான், என்னைத் தெரியுதோ?” என்று சம்மாட்டியார் கேட்டார். அண்ணாவியார் குழறிய குரலில் வேறு யாருடைய பெயரையோ சொன்னார்.

“இரவு முழுக்க இஞ்சதான் இருந்தவரோ? வெளியில போகேல்லையோ?” என்று தாதியிடம் கேட்டார்.

“கட்டிலை விட்டு இறங்கேல்லை அண்ணை. நான்தான் கடமையில.”

அப்போது அவர் செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். மைத்துனரின் தலையை இரு கைகளாலும் பிடித்து, வாயருகே முகத்தைக் கொண்டுபோய், ஆழமாக மூச்சிழுத்து மணந்து பார்த்தார். ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை. பிறகு கட்டிலின் காலடியில் வெறுந்தரையில் அப்படியே அமர்ந்துவிட்டார்.

“மணக்கேல்லை டொக்டர். ஒண்டுமே மணக்கேல்லை.”

அழுவதற்கு அவருக்கு நாங்கள் நேரம் கொடுக்கவில்லை. குழப்பம் வந்திருக்கும் நேரம் இதுதான். இரத்தத்தை எடுத்துவிட்டார் எங்கள் நிபுணர். ஆனால் அமோனியாவை அளக்கும் வசதி எங்களிடம் இல்லை. பாலம் கடந்து பெருநிலத்தில் உள்ள பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இரத்தத்தைச் சுழற்றி மேலே தெளியும் நீரைப் பிரித்து, ஐஸில் வைத்து, தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும். வெப்பம் பட்டாலும் நேரம் கடந்தாலும் அளவு தானாகவே ஏறி எங்களை ஏமாற்றிவிடும். அம்புலன்ஸ் ஒரு பிரசவத்தோடு போயிருந்தது. எங்களிடம் இருந்த ஐஸ் கட்டிகள் பாதி உருகியிருந்தன.

“ஐஸோ?” என்று தரையிலிருந்து குரல் வந்தது. “என்ரை லொறி நிறைய ஐஸ்தானே. இவ்வளவு நாளும் மீனுக்குப் போட்டனான். இண்டைக்கு மச்சானுக்குப் போடுறன்.”

எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்பர் மூடி முத்திரையிட்ட பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர, அந்த லொறி பாலத்தின் மேல் போன வேகத்தைப் பரீதா யன்னலில் நின்று பார்த்து, “மீன் லொறிக்குச் சிறகு முளைச்சிட்டுது” என்றார். பின்னேரம் முடிவு தொலைபேசியில் வந்தது. வழமையான அளவைவிடப் பலமடங்கு. நிபுணர் என்னைப் பார்த்து, “இப்ப நம்புறன், சேர்” என்றார். குடலைச் சுத்தம் செய்யும், பாகு போன்ற பாணி மருந்து தொடங்கப்பட்டது. இரண்டாம் நாள் காலையில் அண்ணாவியார் மனைவியின் பெயரைச் சொல்லித் தேநீர் கேட்டார்.

அறிக்கையை நான் புதிதாக எழுதினேன். பழையதைக் கிழிக்கவில்லை. ‘முதல் அறிக்கையில் இதன் முக்கியத்துவத்தை நாங்கள் உணரவில்லை’ என்று முதல் வரியிலேயே எழுதிக் கையொப்பமிட்டேன். ‘நான்’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் கொழும்பில் ஒரு பெருந்தகை எனக்காக ஏற்றுக்கொண்ட அந்தச் சொல்லை நன்றியோடு அங்கே வைத்தேன்.

அந்த அறிக்கை கூட்டத்தில் தேவைப்படவே இல்லை. அண்ணாவியாரின் மனைவி பிறகு வந்து சொன்னார். மற்றவர்கள் பேசத் தொடங்கும் முன் சம்மாட்டியார் எழுந்து நின்றாராம். “இவரைக் குடிகாரன் எண்டு முதல் சொன்னவன் நான். கண்ணால கண்டதை வச்சுச் சொன்னனான். இப்ப மூக்கால மணந்து பாத்திட்டன். நான் சொன்னது பிழை. ஆருக்கும் சந்தேகமிருந்தா என்னோட கதையுங்கோ” என்றாராம். ஊரில் பெரிய மனிதர், தாம் சொன்னதைத் திரும்பப் பெற்றறியாதவர், கோயில் சனத்தின் முன் அதைச் செய்தார். பல மேடைகளில் பல அறிஞர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த ஐந்து வாக்கியங்களுக்கு நிகரானதை அதிகம் கேட்டதில்லை.

அந்த ஓடையை அடைப்பதற்குக் கொழும்பில் நாள் கிடைக்கப் பல வாரங்கள் ஆயின. தொடை நாளம் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, கத்தி வைக்காமல் அடைத்துவிட்டார்கள். ஆனால் அது பாஸ்குக்குப் பிறகு. பெரிய வெள்ளியன்று அவருடைய ஈரலில் அந்த ஓடை இன்னும் திறந்தே இருந்தது. மருந்தையும் தவக்கால உணவையும் நம்பித்தான் அவர் பாட நின்றார்.

அன்று நான் தலைமன்னாருக்குப் போனேன். அண்ணாவியார் அழைத்திருந்தார். பின்வரிசையில் பரீதா எனக்கு முன்பே வந்து, முக்காட்டைச் சரிசெய்தபடி அமர்ந்திருந்தார். சம்மாட்டியார் தூணோரம் நின்றார். கடற்காற்று திறந்த கதவுகளால் வந்துகொண்டிருந்தது. அண்ணாவியார் பாடத் தொடங்கினார். நான் பழகிய பண் அதுவல்ல. ஆனால் இறைவன்முன் உருகி நிற்கும் குரலை எந்தப் பண்ணிலும் அடையாளம் காணலாம். மகன் சிலுவையோடு வருவதைத் தாய் காணும் இடம் வந்தது. வரியின் நடுவில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில், அவர் நின்றுபோனார்.

ஒரு விநாடி, இரண்டு, மூன்று. முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்மாட்டியார் தூணைவிட்டு ஓர் அடி முன்னே வைத்தார். அவருடைய தங்கை திரும்பாமலே கையை மட்டும் பின்னே நீட்டி, “இருங்கோ அண்ணை” என்றார்.

நான் அவருடைய மார்பைப் பார்த்தேன். அது நிறைந்து, அசையாமல் நின்றது. அந்த மூச்சை நான் அறிவேன். என்னை அறியாமல் என் உதடுகள் அசைந்தன.

“விடுங்கோ.”

அவர் பாடினார். தாயின் சொல்லை, ஓர் எழுத்தும் மாறாமல்.